நிகர எடை எண்பது

ஆட்களை உப்பு மூட்டை மாதிரி எடை போடுகிறார்கள் என்று துறைமுகத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்பு மூட்டையை ஒரு தரம்தான் எடை போடுவார்கள். அதைப் பார்த்து, "நேற்று என்ன சாப்பிட்டாய், உண்மையைச் சொல்" என்று யாரும் அதட்டுவதில்லை.

வில்பிரட்டுக்கு நாற்பத்து நான்கு வயது. துறைமுகத்து மூரிங் படகில் பத்தொன்பது வருஷமாக வேலை. கப்பல் கரையை நெருங்கும்போது மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். படகில் நிற்கிறவர் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். அதன் வாலில் தொடைப் பருமனுக்கு வடம் வரும். அந்த வடத்தைக் கரைக்குக் கொண்டுபோய் இரும்புக் குற்றியில் மாட்டினால் கப்பல் நிற்கும். இவ்வளவுதான் வேலை. இதை வில்பிரட் மாதிரிச் செய்ய அந்தத் துறைமுகத்தில் ஆள் கிடையாது. காற்றடி காலத்தில்கூட அவர் கைக்கு வந்த கயிறு தண்ணீரில் விழுந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பெறாத மதிப்பெண்ணையெல்லாம் அவர் இந்தக் கயிற்றில் பெற்றிருந்தார்.

இடையில் போன வருஷம் ஒரு பெரிய அதிகாரி அந்தப் படகில் ஏறித் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது அவர் உட்கார்ந்திருந்த பக்கம். ஆனால் அறிக்கையில், படகுப் பணியாளர்களின் உடல் பருமனால் பாதுகாப்புக்குப் பங்கம் என்று எழுதப்பட்டது. மூன்றே மாதத்தில் தென்கடல் துறைமுகப் பணியாளர் உடற்தகுதி வாரியம் பிறந்தது. அதற்கு ஒரு தலைவர், ஒரு மருத்துவ உறுப்பினர், எட்டு நாற்காலிகள், ஒரு ஜீப். தலைவர் தேவபிரசாதம் வேறெங்கோ ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் வந்தவர்.

ஜனவரியில் வில்பிரட்டுக்கு ஓலை வந்தது. உயரம் 178 சென்டிமீட்டர். அதற்கு உரிய எடை 62 கிலோ முதல் 79 கிலோ வரை. டிசம்பர் 31-க்குள் இந்த வரம்புக்குள் வந்து தகுதிச் சான்று பெறாவிட்டால் கயிற்றுப் பணிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.

"பேரை நீக்கினா என்ன செய்வாவ?" என்று கேட்டாள் மனைவி விஜிலா.

"கரையில நிக்கணும்."

"கரையில என்ன வேலை?"

"ஒரு வேலையும் கெடையாது ஏளா. அதான் நீக்குறதுன்னா."

எடை போடப் போன அன்றுதான் வாரியத்தின் நடைமுறை வில்பிரட்டுக்குத் தெரிந்தது. வாரியத்திடம் ஆள் ஏறி நிற்கும் எடைமெஷின் ஒன்று இருந்தது. ஆனால் அதன் முத்திரை காலாவதியாகி விட்டதால் துணி போட்டு மூடி பீரோவில் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் பூசுவார்கள். முத்திரை உள்ள கருவியில் மட்டுமே எடை போட வேண்டும் என்பது வாரியத்தின் பதினான்காம் விதி. வளாகத்துக்குள் முத்திரை உள்ள கருவி ஒன்றே ஒன்றுதான். அது நிலக்கரி லாரியும் உப்பு லாரியும் ஏறும் எடைமேடை.

அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. எடைமேடை அறையின் சுவரில், "400 கிலோவுக்குக் குறைந்த பாரம் எடை போடக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. விதியை மதிப்பதில் வாரியத்துக்கு இணை வாரியம்தான். எனவே வாரியத்தின் ஜீப்பை மேடையில் ஏற்றினார்கள். 1,640 கிலோ. அது வெற்று எடை. பிறகு வில்பிரட்டை ஜீப்புக்குள் உட்கார வைத்தார்கள். 1,740. அது மொத்த எடை. கழித்து வந்தது நிகர எடை. சீட்டில், "சரக்கு: வில்பிரட். நிகர எடை: 100 கிலோ. ஈரப்பதம்: இல்லை" என்று அச்சாகி வந்தது.

ஜீப் ஓடாது. அதை வாங்கிய நாளிலிருந்து ஓடியதில்லை. டீசல் குறையாததால் அதன் எடை மாறாது, எடை போட அதைவிடப் பொருத்தமான வண்டி இந்தியாவிலேயே இல்லை என்று தலைவர் சொன்னார். அதனால் ஒவ்வொரு முறையும் அதை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். தள்ளுவது யார்? எடை போட வந்தவர்தான். வில்பிரட் ஒற்றை ஆளாகத் தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். மருத்துவ உறுப்பினர் டாக்டர் சிவப்பிரகாஷ் அதைப் பார்த்துக்கொண்டே, "உடல் வலு குறித்து நம் படிவத்தில் கட்டம் இல்லை" என்று சொல்லி மேலே எழுதினார்.

வில்பிரட் சொன்ன சொல் கேட்கிற மனிதர். அன்றே எல்லாவற்றையும் நிறுத்தினார். மத்தியானச் சோறு பாதியானது. மக்ரூன் இனிப்பு நின்றது. விஜிலா குசினியில் விளமீன் குழம்பு வைத்தால் அவர் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொள்வார். காலையில் பீச் ரோட்டில் வியர்க்க வியர்க்க நடந்தார். தினமும் சாப்பிட்டதையும் விட்டதையும் வாரியம் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். "இன்று முதல் நைட் கிளப் போவதில்லை" என்று முதல் பக்கத்தில் எழுதினார். சாயங்காலப் புரோட்டா கடைக்கு ஊரில் அதுதான் பெயர். டாக்டர் வெளியூர்க்காரர். "உடலில் மட்டுமல்ல, ஒழுக்கத்திலும் முன்னேற்றம்" என்று பச்சை மையில் குறிப்பெழுதினார்.

பிப்ரவரியில் நூறு. மார்ச்சில் எண்பது.

ஒரே மாதத்தில் இருபது கிலோ! வாரியம் குதித்தது. வில்பிரட்டின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னும் ஒரே ஒரு கிலோ. ஏப்ரலில் வாருங்கள், சான்று தயாராக இருக்கும்" என்றார். வில்பிரட் வீட்டுக்கு வந்து விஜிலாவைக் கூப்பிட்டு, "ஒரு கிலோ ஏளா. ஒரு கிலோன்னா என்ன, ரெண்டு நாள் பட்டினி" என்றார். அவர் அப்படி மனம் விட்டுச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஏப்ரலில் எண்பது.

மே மாதம் எண்பது.

ஜூனிலும் எண்பதுதான். இத்தனைக்கும் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. கல்யாண மோதிரம் கழன்று படகுக்குள் விழுந்து, அதை நூல் சுற்றி மாட்டியிருந்தார்.

டாக்டர் சிவப்பிரகாஷ் அவரை உட்கார வைத்து விளக்கினார். "இதற்குத் தேக்க நிலை என்று பெயர், வில்பிரட். இலக்குக்கு மிக அருகில் வந்ததும் உடம்பு பிடிவாதம் பிடிக்கும். உலகம் முழுக்க இருக்கிறது. கடைசி ஒரு கிலோ இருக்கிறதே, அது கிலோ அல்ல, அது ஒரு குணம்."

"சார், பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. சட்டை பாருங்க, எங்க அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி தொங்குது."

"துணி முத்திரை பெற்ற கருவி அல்ல" என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. விதி அப்படித்தான் இருந்தது.

வில்பிரட்டும் மெஷினைத்தான் நம்பினார். சர்க்கார் மெஷின் பொய் சொல்லுமா? தன் உடம்புதான் ஏதோ பொய் சொல்கிறது என்று நினைத்தார். கண்ணாடி முன் நின்று, எங்கே அந்த ஒரு கிலோ ஒளிந்திருக்கிறது என்று கையைத் தூக்கிப் பார்த்தார். முடி வெட்டிக்கொண்டார். நகம் வெட்டினார். கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைக் கழற்றி விஜிலாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எண்பது.

மூரிங் படகை ஓட்டும் சாரங்கு ஜெபசிங் தொப்பையே இல்லாத ஆள். அவருக்கும் எண்பது என்றே சீட்டு வந்திருந்தது. "எலும்பு கனம்லே எனக்கு" என்று அவர் சிரித்தார். ஆனால் அவர் உயரத்துக்கு எழுபத்து மூன்றுதான் வரம்பு. கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. படகில் இருந்த பதினோரு பேரும் பட்டினி கிடந்தார்கள். கப்பல் வரும்போது படகில் சாப்பாட்டு வாசனையே இருக்காது. பதினோரு வயிறுகள் உறுமுவது மட்டும் கேட்கும்.

ஆகஸ்டில் மாதா கோயில் கொடியேறி, தேர் முடியும் வரை வீட்டில் விருந்தாளிகள். வில்பிரட் வெறும் மோரைக் குடித்துக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறினார். அப்போது பார்த்து வாரியத்திலிருந்து ஒரு ஆய்வுக் குழு வீட்டுக்கு வந்தது. இரகசியமாகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க வந்தவர்கள், சாட்சிக்காக முதலில் தாங்கள் சாப்பிட்டார்கள். பிறகு, "இவ்வளவு ருசியான குழம்பு வைக்கும் வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் சாப்பிடாமல் இருப்பது நம்பத்தகுந்ததல்ல" என்று அறிக்கை கொடுத்தார்கள். அதன் நகலை விஜிலாவுக்கும் அனுப்பினார்கள்.

"எம் புருஷன் மெலிஞ்சு கருவாடா போயிட்டாவ. காலர் எலும்புல தண்ணி ஊத்துனா நிக்கும் போல. இவனுவ பெறகும் எண்பதுங்கானுவ" என்று விஜிலா அந்தக் காகிதத்தைக் கசக்கினாள். கசக்கியவள் அழுதாள். வில்பிரட் அதைத் திரும்ப நீவி ஃபைலில் வைத்தார். சர்க்கார் காகிதம்.

அக்டோபரில் ஒரு நாள் மீன் ஏலக் கூடத்துக்குச் சாளை வாங்கப் போனவர், ஆள் இல்லாத நேரம் பார்த்து, கூடை நிறுக்கும் தராசில் சும்மா ஏறி நின்றார். முள் எழுபத்து நான்கில் நின்றது. இறங்கி மறுபடி ஏறினார். எழுபத்து நான்கு. ஏலக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "என் தராசு பொய் சொன்னா நான் எப்பமோ பணக்காரனா ஆயிருப்பேம்லா" என்றார் அவர்.

வில்பிரட் ஓட்டமும் நடையுமாக எடைமேடைக்குப் போனார். அங்கே சீட்டுப் போடுகிறவள் அருணாசலவடிவு. முப்பது வயது, சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். மாதாமாதம் அவரை எடை போட்டு அவளுக்கே பாவமாகப் போயிருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்க கோவிக்கக் கூடாது" என்றாள். "இது லாரி போடுற மேடை. ஒண்ணு ரெண்டெல்லாம் இதுக்குத் தெரியாது. இருபது இருபதாத்தான் காட்டும். அறுபது, எண்பது, நூறு. நடுவுல எது இருந்தாலும் பக்கத்துல இருக்கதுக்குப் போயிரும்."

வில்பிரட் சட்டைப் பையிலிருந்த பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தார்.

"எழுபது கிலோல இருந்து தொண்ணூறு வரைக்கும் யாரு ஏறினாலும் எண்பதுதான் அண்ணாச்சி. நீங்க மார்ச்லயும் எண்பது, இன்னைக்கும் எண்பது. உங்க சாரங்கு எழுவத்திரெண்டு இருப்பாரு, அவரும் எண்பது."

"இதை ஏன் தங்கச்சி முன்னாலயே சொல்லல?"

"தலைவர்கிட்ட ஜனவரிலயே எழுதிக் குடுத்தேன். அதுக்கு, 'எடை போடுபவர் எடை குறித்துக் கருத்துச் சொல்லக் கூடாது'ன்னு மெமோ வந்துச்சு." அவள் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அதே மெமோதான், வாரியத்தின் சின்னத்தோடு.

அன்று மாலை வாரியக் கூட்டத்தில் வில்பிரட் எழுந்து நின்று, ஒன்று விடாமல் அத்தனையும் சொன்னார். தலைவர் தேவபிரசாதம் கண்ணை மூடிக் கேட்டார். அவர் கேட்டு முடித்ததும், உண்மையைச் சோதிக்க உடனே எல்லோரும் எடைமேடைக்குப் புறப்பட்டார்கள். வில்பிரட் ஜீப்பைத் தள்ளி ஏற்றினார். முதலில் டாக்டர் ஏறினார். அவர் நெடுநெடுவென்று துடைப்பக்குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். நிகர எடை எண்பது. பிறகு தலைவர் ஏறினார். ஜீப்பின் ஸ்பிரிங் கீச்சென்றது. நிகர எடை எண்பது.

வில்பிரட்டுக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. இனி யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. ஜீப்பிலிருந்து இறங்காமலேயே பேசினார்.

"பார்த்தீர்களா? இதுதான் சமத்துவம். குண்டானவர், ஒல்லியானவர் என்று இந்த மேடை பேதம் பார்ப்பதில்லை. தலைவரையும் தொழிலாளியையும் ஒன்றாக நிறுத்துகிறது. நான் நாற்பது வருஷம் அரசுப் பணி செய்தவன். என் எடை எண்பது என்று எந்த வீட்டுத் தராசும் இதுவரை சொன்னதில்லை. வீட்டுத் தராசுகள் எவ்வளவு பொய் சொல்கின்றன என்பதற்கு நானே சாட்சி. வில்பிரட், கருவி தன்னை மாற்றிக்கொள்ளாது. அது முத்திரை பெற்றது. நீங்கள் முத்திரை பெற்றவர் இல்லை. ஆகவே நீங்கள்தான் மாற வேண்டும்."

"சார், நம்ம பீரோல இருக்க மெஷினுக்கு முத்திரை வாங்கிட்டா?"

நல்ல யோசனை என்று உடனே தீர்மானம் போட்டார்கள். அதில் ஒரு தடை வந்தது. முத்திரை வாங்க மெஷினை வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸுக்கு எடைச் சீட்டு வேண்டும். மெஷினை ஜீப்பில் வைத்து எடைமேடையில் போட்டார்கள். இருபது கிலோ என்று வந்தது. கையிருப்புப் பதிவேட்டில் அதன் எடை பன்னிரண்டு. பன்னிரண்டு கிலோவாக உள்ளே வந்த பொருள் இருபது கிலோவாக வெளியே போனால், எட்டுக் கிலோ துறைமுகச் சொத்து கடத்தப்படுகிறது என்று அர்த்தம். மெஷினைப் பறிமுதல் செய்து அதே பீரோவில் வைத்துப் பூட்டி, பீரோவுக்கு ஒரு காவலாளியையும் போட்டார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியையே பூசாரி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அன்று வில்பிரட் கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்துப் படகில் உட்கார்ந்திருந்தார். ஜெபசிங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏலே வில்பிரட்டு, எழுவதுக்குக் கீழ போனா மாறும்லா அது?"

"மாறும்."

"அப்பம் எறங்கு. அஞ்சே கிலோதான. அவனுவ மெஷின் மாறாட்டா நாம மாறுவோம். வேற என்ன செய்ய?"

அந்தக் கடைசி ஐந்து கிலோ வேறு மாதிரி இருந்தது. அதுவரை போனது கொழுப்பு. இப்போது போனது தோளும் முதுகும். ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளரிக்காய், ஒரு முட்டை, வெந்நீர். நவம்பரில் நிற்கும்போது கண் இருட்டியது. விஜிலா கஞ்சித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஒரு மடக்கு குடிங்க. எனக்காவ."

"டிசம்பர் முடியட்டும் ஏளா. பேரு பட்டியல்ல நிக்கட்டும். அதுக்கப்புறம் நீ என்ன தந்தாலும் திங்கேன். சட்டியோட தா, சட்டியையும் திங்கேன்."

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. நல்ல காற்று. மேலிருந்து கயிறு வந்தது. வில்பிரட் எப்போதும்போல் எட்டிப் பிடித்தார். பிடித்து இழுத்தார். வடம் தண்ணீரிலிருந்து எழும்பாமல் கிடந்தது. மறுபடி இழுத்தார். கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு பின்னோக்கி ஓடித் தண்ணீரில் விழுந்தது. ஜெபசிங் கொக்கியை எடுத்து, தானே குனிந்து அதைத் தூக்கினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. வில்பிரட் அறுபட்ட உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கப்பலைப் பார்க்காமல் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவமானத்தில் அவர் காது மடல் சிவந்திருந்தது.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி கடைசி எடை. ஏலக் கூடத் தராசில் அன்று காலை அறுபத்தொன்பது. ஜீப்பைத் தள்ளத் தோள் கொடுத்தார். ஜீப் அசையவில்லை. இரண்டு லாரி டிரைவர்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். அருணாசலவடிவு கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

நிகர எடை: 60 கிலோ.

டாக்டர் கை தட்டினார். தலைவர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். ஒன்பது மாதத் தேக்கத்தை ஒருவர் ஒரே மாதத்தில் இருபது கிலோ இறங்கி உடைத்திருக்கிறார்! மறுநாளே விழா ஏற்பாடாயிற்று. பந்தல், சால்வை, சமோசா. வில்பிரட்டுக்கு ஒரு பித்தளைக் கேடயம். அதைத் தூக்க அவருக்குப் பலம் இல்லாததால் விஜிலா வாங்கிக்கொண்டாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"கடைசி ஒரு கிலோவில் கோழைகள் நின்றுவிடுவார்கள். வில்பிரட் நிற்கவில்லை. இந்த வெற்றி யாருடையது? வாரியத்துடையது. நாங்கள் அவரை நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மைதான் அவரை உந்தியது. ஆய்வுக் குழு அனுப்பினோம். மெமோ கொடுத்தோம். ஒரு மனிதனுக்காக இதைவிட ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று நம் முன்னோர் ஏளனமாகச் சொன்னார்கள். ஏன் ஏளனம் செய்ய வேண்டும்? அந்தக் கழுதையின் முயற்சியை எண்ணிப் பாருங்கள்!"

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் சிவப்பிரகாஷ் ஒரு உறையைக் கொண்டுவந்து வில்பிரட் கையில் கொடுத்தார். தகுதிச் சான்று என்று நினைத்து அவர் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பிரித்தார்.

எடை 60 கிலோ. உரிய வரம்பு 62 முதல் 79 வரை. குறை எடை காரணமாகக் கயிற்றுப் பணிக்குத் தகுதியில்லை. பெயர் நீக்கப்படுகிறது.

"சார்" என்றார் வில்பிரட். காகிதத்தை விஜிலாவிடம் நீட்டினார். விஜிலாதான் கேட்டாள்.

"எண்பதும் ஆகாது, அறுபதும் ஆகாது. உங்க மெஷின்ல நடுவுல நம்பரே கெடையாதே. அப்பம் எந்த எடைக்குத்தான் சார் சான்று தருவிய?"

டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல கேள்வி. வாரியம் தொடங்கி இன்று வரை ஒருவருக்கும் சான்று தர நேர்ந்ததில்லை. எங்கள் தரம் அவ்வளவு உயர்ந்தது" என்றார். அவர் கண்ணில் உண்மையான பெருமை தெரிந்தது. "மனம் தளர வேண்டாம். அறுபதில் இப்போது உங்களுக்கு ஒரு தேக்க நிலை. இரண்டே கிலோ. அடுத்த மாதம் வாருங்கள்."

ஜனவரி முதல் தேதி பட்டியல் வெளியானது. பதினோரு பேரில் எட்டுப் பேர் அதிக எடை, மூன்று பேர் குறை எடை. ஜெபசிங் எட்டில் ஒருவர். பட்டியலில் ஒருவர் பெயரும் மிஞ்சவில்லை. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தன. வாரியம் அவசரமாகக் கூடி, கயிற்றுப் பணியை ஒரு ஒப்பந்தக்காரரிடம் விட்டது. அவர் ஆட்கள் மறுநாள் காலையே வந்து இறங்கினார்கள். ஒருவன் நூற்றிருபது கிலோ இருப்பான்.

"இவங்களுக்கு எடை போட வேண்டாமா சார்?" என்று அருணாசலவடிவு கேட்டாள்.

"அவர்கள் நம் பணியாளர்கள் அல்லவே" என்றார் தலைவர். "ஆகவே அவர்களுக்கு எடை கிடையாது."

ஒரு வாரம் கழித்து வில்பிரட் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியைத் தேடிப் போனார். மேஸ்திரி இசக்கியப்பன் விளாத்திகுளத்துக்காரர். வில்பிரட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"நீங்க வாரதுன்னா எனக்குப் பெருமை அண்ணாச்சி. காகிதம் கீகிதமெல்லாம் நமக்கு வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான். எல்லாருக்கும் செய்யுதது, உங்களுக்கும் செய்யுதேன், மனசுல வைக்காதிய."

தளத்தில் ஒரு வடம் கிடந்தது. அதன் தலையில் மெல்லிய கயிறு கட்டியிருந்தது. அதன் நுனியை எடுத்து வில்பிரட் கையில் கொடுத்தார்.

"இழுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அந்தத் துறைமுகம் முதல் தடவையாக அவரைச் சரியான கேள்வி கேட்டது. வில்பிரட் காலை அகட்டி வைத்தார். கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டார். மூச்சைப் பிடித்து இழுத்தார். வடம் ஒரு முழம் வந்தது. பிறகு வரவில்லை. அவர் மட்டும் கயிற்றோடு ஒரு அடி முன்னால் போனார்.

இசக்கியப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாக அவர் கையிலிருந்து கயிற்றைச் சுற்றெடுத்து விடுவித்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"இப்பம் என்ன எடை இருப்பிய அண்ணாச்சி?"

"தெரியல தம்பி" என்றார் வில்பிரட். "எண்பதுன்னாவ. பெறகு அறுபதுன்னாவ. நடுவுல நான் இருந்தது எங்கயும் எழுதல."